காசில் பேசிய செசார்

காசைக் கையில் வாங்கும்போது நாம் பார்ப்பது அதன் மதிப்பை மட்டுமே. ஒரு ரூபாயா, ஐந்து ரூபாயா என்று பார்த்ததும் பையில் போட்டுக்கொள்கிறோம். அதன்மேல் எந்த உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது, என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று நின்று நோக்குவோர் நம்மில் மிகச் சிலரே. ஆனால் எருசலேமில் ஒருமுறை, கண்ணி வைத்துப் பேசவந்த சிலரிடம், நம் ஆண்டவர் காசு ஒன்றைக் காட்டச் சொன்னார். அதன் மதிப்பை அவர் கேட்கவில்லை. அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்றே கேட்டார். செசாருடையவை என்று மறுமொழி வந்தது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தியாளரும் இந்நிகழ்ச்சியை எழுதிவைத்துள்ளனர்.

அன்று காட்டப்பட்டது தெனாரியம் என்னும் வெள்ளிக்காசு. திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு நாள் கூலியாகக் கொடுக்கப்படுவதும் அதுவே. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அதனினும் தாழ்ந்த காசுகளை. செம்பிலும் பித்தளையிலும் வெண்கலத்திலும் அடிக்கப்பட்ட உரோமைச் சில்லறைகளை. பொன்னையும் வெள்ளியையும் விட்டுவிட்டு இவற்றை ஏன் எடுக்க வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். பொன் செல்வரிடம் பேசியது. இச்சில்லறைகளோ எல்லாரிடமும் பேசின. அவை என்ன பேசின, எவ்வளவு உண்மை பேசின, கேட்டவர்கள் என்ன மறுமொழி சொன்னார்கள் என்பதே நம் பொருள்.

ஏழையின் கைக்கும் எட்டிய ஏடு

அகுஸ்துஸ் பேரரசர் நாணய முறையைத் திருத்தியமைத்தபின், பொன் நாணயம் ஒன்றுக்கு 25 தெனாரியம், தெனாரியம் ஒன்றுக்கு நான்கு செஸ்தெர்சியுஸ் என்னும் கணக்கு நிலைபெற்றது. செஸ்தெர்சியுஸ் என்பது மஞ்சள் ஒளி வீசும் பித்தளைக் காசு. ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ளது. உள்ளங்கையில் கனமாகக் கிடக்கும். அதில் கால் பங்கு மதிப்புடையது ஆஸ் என்னும் செப்புக்காசு. ஆஸின் கால் பங்கு குவாத்ரான்ஸ். அதற்குக் கீழே உரோமை நகரில் காசில்லை.

இவற்றைக் கொண்டு என்ன வாங்கலாம்? பொம்பெயி நகரின் சுவரெழுத்து ஒன்று, ஓர் ஆஸுக்கு மது கிடைக்கும் என்று விளம்பரம் செய்கிறது. பொதுக் குளியற்கூடத்தில் நுழையக் குவாத்ரான்ஸ் ஒன்று போதும். ஒரு காசுக்கு இரண்டு சிட்டுக்குருவிகள் விற்கப்படவில்லையா என்று ஆண்டவர் கேட்டாரே, அந்தக் காசு ஆஸ்தான். கைம்பெண் ஒருத்தி காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு செப்புக்காசுகளின் மதிப்பை உரோமை வாசகர்களுக்கு விளக்கும்போது, மாற்கு அதனைக் குவாத்ரான்ஸ் என்றே எழுதுகிறார்.

செய்தித்தாள் இல்லாத காலம் அது. எழுத்தறிந்தோரும் சிலரே. அரசன் தொலைவில் இருந்தான். அவன் முகத்தைக் கோடிக்கணக்கான குடிகள் கண்டதே இல்லை. தூணும் சிலையும் வளைவும் நகரத்தில் நின்ற இடத்திலேயே நின்றன. காசு மட்டுமே நடந்தது. உரோமை நாணயச்சாலையில் இரண்டு இரும்பு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லை ஒன்றை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால், முகப்பில் அரசனின் தலையும் மறுபக்கத்தில் அவன் சொல்ல விரும்பிய செய்தியும் பதிந்துவிடும். போர்வீரனின் சம்பளமாக அது எல்லைப்புறம் சென்றது. அங்கிருந்து கடைக்காரனுக்கும், உழவனுக்கும், கூலிக்காரனுக்கும் சென்றது. எழுத்தறியாதவனும் படத்தைப் பார்த்தான். பெரிய செஸ்தெர்சியுஸ் ஒன்றின் பரப்பு நம் காலத்து அஞ்சல்தலையைவிடப் பெரிது. வெள்ளியிலும் பொன்னிலும் கிடைக்காத இடம் அதில் இருந்ததனால், செதுக்குவோர் துறைமுகத்தையும், கோவிலையும், படைக்கு முன் நின்று பேசும் அரசனையும் அதில் முழுக் காட்சியாகவே வரைந்துவிட்டனர்.

ஒன்று கவனிக்கத்தக்கது. இக்காசுகளில் பெரும்பாலானவற்றின் மறுபக்கத்தில் எஸ், சி என்னும் இரண்டு இலத்தீன் எழுத்துகள் பெரிதாகக் காணப்படும். ‘செனட் சபையின் ஆணைப்படி’ என்பது அவற்றின் பொருள். ஆட்சி முழுவதும் ஒருவன் கையில் சேர்ந்துவிட்ட பின்பும், பழைய குடியரசின் சபை இன்னும் ஆள்கிறது என்னும் தோற்றத்தை இரண்டே எழுத்துகள் காத்துவந்தன.

பெரிதாய்ச் சொன்னதும் சிறிதாய் எழுதியதும்

எல்லாக் காசும் பொய் சொன்னது என்று நாம் கூறவில்லை. கி.பி. 17-ஆம் ஆண்டில், சின்ன ஆசியாவில் ஓர் இரவில் நிகழ்ந்த நிலநடுக்கம் பன்னிரண்டு நகரங்களை வீழ்த்தியது. திபேரியுஸ் பேரரசர் சார்தை நகருக்கு மட்டும் ஒரு கோடி செஸ்தெர்சியுஸ் தருவதாக வாக்களித்து, ஐந்தாண்டு வரியையும் நீக்கினார் என்று வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதுகிறார். சில ஆண்டுகளுக்குப்பின் வெளிவந்த செஸ்தெர்சியுஸ் ஒன்றில் திபேரியுஸ் அமர்ந்திருக்கிறார். ‘ஆசிய நகரங்கள் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டன’ என்று சுற்றிலும் எழுதியிருக்கிறது. அவ்வாறே 118-ஆம் ஆண்டில் ஹாட்ரியன் பேரரசர், அரசுக்கு வரவேண்டியிருந்த பழைய பாக்கி 90 கோடி செஸ்தெர்சியுஸைத் தள்ளுபடி செய்து, கடன் சீட்டுகளை வெளிப்படையாகத் தீயிலிட்டார். பணியாள் ஒருவன் தீப்பந்தத்தால் சீட்டுக் குவியலைக் கொளுத்தும் காட்சியும், தள்ளுபடியான தொகையும் காசிலே உள்ளன. இரண்டும் நடந்த செயல்கள். ஆனால் ஹாட்ரியன் அரியணை ஏறிய சில மாதங்களுக்குள் முன்னாள் கொன்சுல்கள் நால்வர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டிருந்தனர் என்பதும், அவர் மக்களின் நன்மதிப்பைத் தேடவேண்டிய நிலையில் இருந்தார் என்பதும் காசில் இல்லை. காசு உண்மையைச் சொல்லும்போதும், தனக்கு வேண்டிய உண்மையையே சொல்லிற்று.

இனி, கலிகுலாவின் குவாத்ரான்ஸைப் பார்ப்போம். மேலே நாம் கண்ட மிகச்சிறிய செப்புக்காசு அது. அதன் ஒரு பக்கத்தில் விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி. மறுபக்கத்தில் ஆர், சி, சி என்னும் மூன்று எழுத்துகள். ஏலத்தில் விற்கும் பொருள்மீது இருநூற்றில் ஒரு பங்காக வாங்கப்பட்ட வரியை அரசன் நீக்கிவிட்டான் என்பதே அவற்றின் பொருள் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். அரை விழுக்காட்டு வரி நீங்கிய செய்தியை, ஏழையிலும் ஏழையின் கைக்குப் போகும் காசில் ஏற்றிவிட்டான் அவன்.

ஆனால் அதே கலிகுலா பின்னர் விதித்த வரிகளைப்பற்றி சுவெத்தோனியுஸ் என்னும் வரலாற்றாசிரியர் சொல்வதைக் கேளுங்கள். நகரில் விற்கப்படும் உணவுப் பொருளுக்கு வரி, வழக்குகளுக்கு வரி, சுமைகூலிகளின் அன்றாட வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு வரி. இவ்வரிகள் வாயால் அறிவிக்கப்பட்டனவேயன்றி எழுத்தில் வெளியிடப்படவில்லை. அறியாமையால் பலர் குற்றவாளிகளாயினர். மக்கள் வற்புறுத்திக் கேட்டபின், சட்டத்தை எழுதி வைத்தான். ஆனால் யாரும் படியெடுக்க முடியாதபடி மிகக் குறுகிய இடத்தில், மிகப் பொடி எழுத்தில் எழுதி வைத்தானாம்!

இந்த இரண்டையும் நாம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நீக்கிய வரி ஆயிரக்கணக்கான காசுகளில் அடிக்கப்பட்டு வீடுதோறும் சென்றது. விதித்த வரி ஒரு மூலையில் ஒளிந்துகொண்டது. சுமை தூக்கிக் களைத்தவன், எட்டில் ஒரு பங்கை வரிக்குக் கொடுத்துவிட்டு, மீதியை எண்ணும்போது, அவன் உள்ளங்கையில் விடுதலைத் தொப்பி பொறித்த காசு ஒன்றும் கிடந்திருக்கலாம். ஆட்சியின் விளம்பரம் என்னும் கலை இன்று பிறந்ததன்று.

பிலாத்துவின் செப்புக்காசு

ஆண்டவர் வாழ்ந்த யூதேயாவுக்கு வருவோம். அங்கே உரோமை ஆளுநர்கள் உள்ளூர் வழக்கத்துக்கென மிகச் சிறிய வெண்கலக்காசுகளை அடித்தனர். உருவங்களை வெறுத்த யூத மக்களின் மனம் நோகாதபடி, பிலாத்துவுக்கு முன்னிருந்தோர் பேரீச்சமரம், தானியக் கதிர் போன்றவற்றையே பெரும்பாலும் பொறித்தனர். போஞ்சு பிலாத்து அவ்வாறு செய்யவில்லை. கி.பி. 29-ஆம் ஆண்டுக் காசில், உரோமையர் தம் தெய்வங்களுக்கு மது வார்க்கும் அகப்பையைப் பொறித்தார். 30, 31-ஆம் ஆண்டுக் காசுகளில், பறவை பறக்கும் திசையைக்கொண்டு குறிசொல்லும் உரோமைப் பூசாரிகள் ஏந்தும் வளைந்த கோல் இடம்பெற்றது. யூதரைச் சீண்டவே இதைச் செய்தாரா, அல்லது தம் பேரரசர்மேல் தாம் கொண்ட பற்றைக் காட்டச் செய்தாரா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். எதுவாயினும், விரல்நுனியளவான காசு அது. ஆண்டவர் பாடுபட்ட காலத்தை ஒட்டி, எருசலேம் கடைத்தெருவில் எண்ணெயும் உப்பும் வாங்கிய தாய்மாரின் முடிச்சுகளில், பிறர் தெய்வத்தின் பூசைக்கோல் இவ்வாறு புகுந்திருந்தது.

பேரீச்சமரத்தடியில் அழும் பெண்

66-ஆம் ஆண்டில் யூதேயா உரோமைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது. அதே ஆண்டை ஒட்டி நீரோ மன்னன் வெளியிட்ட காசுகள், நிலத்திலும் கடலிலும் அமைதி நிலவுவதால் யானுஸ் கோவிலின் கதவு அடைக்கப்பட்டது என்று பறைசாற்றிக்கொண்டிருந்தன. போர்க்காலத்தில் திறந்திருக்கவும் அமைதிக்காலத்தில் அடைந்திருக்கவும் வேண்டிய கதவு அது. அடைந்த கதவு காசிலே இருந்தது. போரோ யூதேயாவில் தொடங்கிவிட்டது.

கிளர்ந்தெழுந்தவர்களும் காசின் வலிமையை அறிந்திருந்தனர். அவர்கள் அடித்த வெண்கலக்காசில் அரசன் தலை இல்லை. ஒரு பக்கம் ஒரு சாடி. மறுபக்கம் திராட்சை இலை. அதைச் சுற்றிப் பழைய எபிரேய எழுத்தில் ‘சீயோனின் விடுதலை’ என்னும் சொற்கள்.

70-ஆம் ஆண்டில் எருசலேம் வீழ்ந்தது, ஆலயம் எரிந்தது. மறு ஆண்டு முதல் வெஸ்பாசியன் பேரரசரின் செஸ்தெர்சியுஸ்கள் பெருகி வந்தன. நடுவே ஓங்கி நிற்கும் பேரீச்சமரம். அதன் அடியில், தலையைக் கையில் தாங்கி, தரையில் அமர்ந்து அழும் ஒரு பெண். மரத்தின் மறுபுறம், சிலவற்றில் கைகள் கட்டுண்ட கைதி நிற்கிறான். சிலவற்றில் வெற்றிவீரனான அரசனே நிற்கிறான். ‘யூதேயா பிடிபட்டது’ என்பது வாசகம். சீயோனின் விடுதலை என்ற சொல்லுக்கு உரோமை தந்த மறுமொழி இது.

இக்காசு எதை மறைத்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். யூதேயா புதிதாகப் பிடிக்கப்பட்ட நாடன்று. 6-ஆம் ஆண்டு முதலே உரோமை ஆளுநர்களைக் கண்ட மாநிலம். அங்கு நடந்தது கிளர்ச்சியை அடக்கிய செயலே. ஆனால் வெஸ்பாசியன் அரச குலத்தவர் அல்லர். நீரோவுக்குப்பின் 69-ஆம் ஆண்டு ஒன்றிலேயே நான்கு பேரரசர்கள் ஆண்டனர். உரோமையர் உரோமையரைக் கொன்று குவித்தனர். அப்போரின் முடிவிலேயே அவர் அரியணை ஏறினார். சொந்த நாட்டாரைக் கொன்ற வெற்றியைக் கொண்டாட முடியுமா? எனவே, அந்நிய நாட்டை வென்றதுபோன்ற காட்சி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. தம் குடும்பத்தின் ஆட்சியுரிமையை அழும் பெண் ஒருத்தியின் தோள்மேல் ஏற்றிவைத்தார். அவர் மகன் தீத்துஸ் காலத்திலும் அவள் காசில் அழுதுகொண்டே இருந்தாள்.

அழிவோடு துன்பம் முடிந்துவிடவில்லை. யூதர் ஆண்டுதோறும் எருசலேம் ஆலயத்துக்குக் கொடுத்துவந்த காணிக்கையை, இனி உரோமையிலுள்ள ஜூப்பிட்டர் கோவிலுக்கு வரியாகச் செலுத்த வேண்டும் என்று ஆணை பிறந்தது. தோமிசியான் காலத்தில் இவ்வரி மிகக் கொடுமையாக வாங்கப்பட்டது. தொண்ணூறு வயது முதியவர் ஒருவர், விருத்தசேதனம் செய்தவரா என்பதை அறிவதற்காக, கூட்டம் நிறைந்த மன்றத்தில் உடல் சோதிக்கப்பட்டதைத் தாம் இளமையில் நேரில் கண்டதாக சுவெத்தோனியுஸ் எழுதுகிறார். ஒரு மக்களினத்தின் மானம் அவ்வாறு அம்மன்றத்தில் நின்றது.

96-இல் தோமிசியான் கொலையுண்டபின் ஆட்சிக்கு வந்த நெர்வா ஒரு செஸ்தெர்சியுஸ் வெளியிட்டார். அதிலும் நடுவே பேரீச்சமரம் நிற்கிறது. ஆனால் அதனடியில் அழும் பெண் இல்லை. ‘யூத வரியைச் சார்ந்த பொய்க்குற்றச்சாட்டு நீக்கப்பட்டது’ என்பது அதன் வாசகம். வரி நீங்கவில்லை, வரியின் பேரால் நடந்த இழிவே நீங்கிற்று. இருப்பினும், அரசு செய்த கொடுமையை அரசே தன் காசில் ஒத்துக்கொண்டது அரிய நிகழ்ச்சியே.

மக்கள் தந்த மறுமொழி

இக்காசுகளை மக்கள் உற்றுநோக்கினார்களா? நம்மைப் போலவே அவர்களும் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள் என்று வாதிடும் அறிஞரும் உள்ளனர். எந்தப் படத்தைப் பொறிப்பது என்று முடிவு செய்தவர் அரசரா, அவரை மகிழ்விக்க விரும்பிய அலுவலரா என்பதும் தீராத கேள்வியே. ஆனால் அனுப்புவோர் சில வேளைகளில் இடமறிந்து அனுப்பினர் என்பதற்குச் சான்று உண்டு. அந்தோனினுஸ் பியுஸ் 154-155-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆஸ் ஒன்றில், பிரித்தானியா என்னும் பெண் தலைகவிழ்ந்து பாறைமேல் அமர்ந்திருக்கிறாள். இக்காசுகள் மிகுதியாகக் கிடைப்பது பிரித்தானியத் தீவிலேயே. எல்லைச் சுவரையடுத்த புனிதக் கேணி ஒன்றில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்டவை எடுக்கப்பட்டுள்ளன. அடங்கியவளின் படம் அடக்கப்பட்டவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

மக்களும் காசை உற்றுநோக்கினார்கள் என்பதற்கு அவர்கள் செய்த செயல்களே சாட்சி. கலிகுலா கொலையுண்டபின், அவன் உருவம் தாங்கிய செப்புக்காசுகளை உருக்கிவிடுமாறு செனட் சபை ஆணையிட்டது. அடிமையாயிருந்து மெய்ஞ்ஞான ஆசிரியராக உயர்ந்த எப்பிக்தேத்துஸ், திராயானின் முத்திரையுள்ள செஸ்தெர்சியுஸை வாங்கிக்கொள்ளும் ஒருவன் நீரோவின் முத்திரையுள்ளதை எறிந்துவிடுவதை உவமையாக்கி, மனிதனையும் அவன் உள்ளத்தின் முத்திரையால் எடைபோடச் சொல்கிறார். 211-ஆம் ஆண்டின் இறுதியில் கரக்கல்லா தன் தம்பி கெத்தாவைக் கொல்வித்தபோது, சின்ன ஆசிய நகரங்கள் சிலவற்றில், அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நோக்கும் வெண்கலக்காசுகளில் தம்பியின் முகத்தை மட்டும் உளியால் சுரண்டி எடுத்தனர். ஒரு முகமும் ஒரு வடுவும் உள்ள அக்காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

எல்லாவற்றிலும் உறுதியான மறுமொழி மீண்டும் யூதேயாவிலிருந்தே வந்தது. 132 முதல் 135 வரை பார்கோக்பா என்பவரின் தலைமையில் அம்மக்கள் இரண்டாம் முறை போரிட்டபோது, அவர்கள் புதிய உலோகத்தைத் தேடவில்லை. கையிலிருந்த உரோமைக் காசுகளையே எடுத்து, செசாரின் முகத்தைத் தட்டியும் தேய்த்தும் மழுக்கி, அதன்மேலேயே தம் அச்சை அடித்தனர். வெண்கலத்தில் அவர்கள் பொறித்தது என்ன தெரியுமா? பேரீச்சமரம்! அறுபது ஆண்டுகளுக்கு முன் உரோமை எந்த மரத்தடியில் அவர்கள் தாயை அழ வைத்ததோ, அதே மரம். அதன் அடியில் யாரும் அழவில்லை. ‘எருசலேமின் விடுதலைக்காக’ என்பது அக்காசுகளின் வாசகங்களுள் ஒன்று. சில காசுகளில் புதிய எழுத்தின் அடியில் பழைய அரசனின் தலை மங்கலாக இன்னும் தெரிகிறது.

அப்போரும் தோற்றது. எருசலேம் இருந்த இடத்தில் ஹாட்ரியன் ஏலியா கப்பித்தோலினா என்னும் உரோமைக் குடியிருப்பை அமைத்தார். அதன் வெண்கலக்காசில், ஏரில் எருதும் பசுவும் பூட்டி நகர எல்லையை உழும் அரசன் காட்டப்படுகிறான். அவன் உழுத நிலத்தில் முன்பு என்ன நின்றது என்பதைக் காசு சொல்லவில்லை.

சொல் பெருகிற்று, காசு சிறுத்தது

காலம் செல்லச் செல்ல, ஆட்சி தளரத் தளர, காசின் சொற்கள் ஓங்கி ஒலித்தன. 235-இல் படையினரால் அரசனாக்கப்பட்ட மக்சிமீனுஸ், ‘படைவீரரின் பற்றுறுதி’ என்று செஸ்தெர்சியுஸ்களில் அடித்தான். 238-இல் அந்தப் படைவீரரே அவனைக் கொன்றனர். அதே ஆண்டில் கூட்டாக ஆண்ட பல்பீனுஸ், புப்பியேனுஸ் இருவரும், கைகோத்த இரு கரங்களைப் பொறித்துத் தம் ஒற்றுமையைப் புகழ்ந்தனர். ஒருவரை ஒருவர் ஐயுற்றதனாலேயே நூறு நாள் அளவில் காவற்படையினரின் கையில் இருவரும் மாண்டனர். நான்காம் நூற்றாண்டின் நடுவில், 348 முதல், ‘நற்காலம் மீண்டது’ என்ற வாசகத்தோடு வெண்கலக்காசு ஒன்று ஏராளமாக வெளிவந்தது. பத்தாண்டுக்குள் அக்காசின் எடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வாசகம் மட்டும் மாறவேயில்லை. நற்காலம் உண்மையில் மீண்டதா என்பதைக் கடைக்காரனின் தராசு சொல்லிவிட்டது.

திருஅடையாளமும் காசில் ஏறிற்று

இவ்விடத்தில் கிறிஸ்தவராகிய நாம் நம்மையே சோதித்துக்கொள்ள வேண்டிய பகுதி ஒன்று உண்டு. கொன்ஸ்தந்தீன் பேரரசர் 312-இல் மில்வியன் பாலத்தருகே வெற்றிபெற்றதையும், மறு ஆண்டு திருச்சபைக்குச் சமய உரிமை வழங்கியதையும் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் அவருடைய வெண்கலக்காசுகளில், ‘வெல்லப்படாத கதிரவன், அரசனின் துணைவன்’ என்று சூரிய தேவனே நின்றான். 327-இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் அடிக்கப்பட்ட அரிய காசு ஒன்றில்தான், கிறிஸ்துவின் பெயரெழுத்துகளை உச்சியில் தாங்கிய கொடி, பாம்பு ஒன்றைக் குத்தி நிற்கக் காண்கிறோம். ‘பொதுமக்களின் நம்பிக்கை’ என்பது வாசகம். பாம்பு தீயவனைக் குறிக்கலாம். கொன்ஸ்தந்தீனிடம் தோற்ற லிச்சீனியுஸையும் குறிக்கலாம். இரண்டையும் ஒன்றாக எண்ண வைப்பதே அச்சடித்தவரின் எண்ணமாயிருக்கக்கூடும்.

அவர் மக்கள் காலத்தில் இது இன்னும் வெளிப்படையாயிற்று. 350-இல் வெத்ரானியோ என்னும் படைத்தலைவர், ‘இவ்வடையாளத்தால் வெற்றி பெறுவாய்’ என்று காசில் எழுதினார். மேற்கே ஆட்சியைக் கைப்பற்றிய மஞ்னென்சியுஸ், 353-ஐ ஒட்டி, காசின் மறுபக்கம் முழுவதையும் நிறைக்கும்படி கிறிஸ்துவின் பெயரெழுத்துகளைப் பொறித்து, இருமருங்கும் அல்பா, ஓமேகா எழுத்துகளை வைத்தார். பக்தியாலா? கொன்ஸ்தந்தீனின் மகனோடு அவர் போர் புரிந்துகொண்டிருந்த காலம் அது. இரு படைகளும் ஒரே திருப்பெயரின் கீழ் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அவ்வாண்டே மஞ்னென்சியுஸ் தோல்வியுற்றுத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடையாளம் காசில் ஏறியதால் காசு புனிதமாகிவிடவில்லை. அடையாளமே பேரம் பேசும் பொருளாகிவிடும் இடரே ஏற்பட்டது.

நம் ஆற்று மணலில்

உரோமைக் காசுகளுக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள உறவை நம் வாசகர் அறிவர். புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்து, 1898-இல் அறிஞர் உலகுக்கு வெளியிடப்பட்ட 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின்மேல், பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. பொன்னை மட்டும் மதித்தவர்கள் காசைச் செல்லாததாக்க வெட்டினார்கள் என்றும், வேறு காரணங்களாலும் வெட்டியிருக்கலாம் என்றும் பலவாறாகக் கூறுவர். வெண்கலம் பின்னர் வந்தது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும், மதுரையிலும், இலங்கையிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறிய உரோமைக் காசுகள் பெருமளவில் கிடைத்துள்ளன. தேய்ந்து, வழவழப்பாகி, எழுத்து மங்கிய காசுகள் அவை. இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலியாக அடித்தவையும் உண்டு. அவற்றில் இலத்தீன் எழுத்துகள் பொருளற்ற வெறுங்கோடுகளாகிவிட்டன. உரோமை அரசனின் வெற்றிமுழக்கம் நம் கடைத்தெருவை அடைந்தபோது ஊமையாகிவிட்டது. சில்லறையாக மட்டுமே அது இங்கே செல்லுபடியாயிற்று.

யாருடைய சாயல்?

உரோமைச் சில்லறை நமக்குக் கற்பிக்கும் பாடம் எளியது. ஆளுவோரின் செய்தி எதுவாயினும், அதன்முன் மூன்று கேள்விகளை வைக்க வேண்டும். இதை அடித்தவர் யார்? இது என்ன சொல்கிறது? எதைச் சொல்லாமல் விடுகிறது? சுவரொட்டியானாலும், தொலைக்காட்சியானாலும், பிள்ளைகளின் கையிலுள்ள கைப்பேசித் திரையானாலும் இம்மூன்று கேள்விகளும் பொருந்தும். பெரிய எழுத்தில் வரும் சலுகையைப் படிக்கும்போது, பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் சுமையையும் தேடிப் படிக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். வெற்றி விழாக்களின் நடுவே, மரத்தடியில் அழுதுகொண்டிருப்பவள் யார் என்று கேட்கவும் பழக்குவோம்.

ஆண்டவர் கேட்ட கேள்விக்கே திரும்புவோம். காசில் உள்ள சாயல் செசாருடையது. ஆகவே காசைச் செசாருக்குக் கொடுக்கலாம். ஆனால் மனிதனில் உள்ள சாயல் கடவுளுடையது. ஆகவே மனிதனைக் கடவுளுக்கே கொடுக்க வேண்டும் என்று, ஆப்பிரிக்கத் திருச்சபையின் பழம்பெரும் எழுத்தாளர் தெர்த்துல்லியன் விளக்கம் தந்தார். இதன் ஆழத்தை இக்காசுகளைக் கண்டபின் நாம் மேலும் உணர்கிறோம். செசார் மன்றத்தில் நிறுத்தி இழிவுபடுத்திய தொண்ணூறு வயது முதியவரிடமும் அச்சாயல் இருந்தது. எட்டில் ஒரு பங்கை இழந்த சுமைகூலியிடமும் இருந்தது. பேரீச்சமரத்தடியில் அமர்ந்தவளிடமும் இருந்தது. அவர்களுடைய பெயர்களை எந்த நாணயச்சாலையும் பொறிக்கவில்லை.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக்காசுகளைப் போட்ட கைம்பெண்ணின் பெயரும் நமக்குத் தெரியாது. அவள் போட்ட காசுகளில் எந்த அரசனின் எந்தப் பெருமை எழுதியிருந்தது என்பதும் தெரியாது. அன்று ஆலயத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அக்காசுகளில் இருந்த எழுத்தைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவற்றைப் போட்டவளைப்பற்றியே சொன்னார்.